சானல்கரையில் சைக்கிள்: குமரி மாவட்டத்தில் புதிதாகத் தொடங்குபவர்களுக்கு

குமரி மாவட்டத்தில் சைக்கிள் ஓட்டத் தொடங்கிய யாருக்கும் முதல் வாரத்திலேயே ஒன்று தெரிந்துவிடும். இங்கே மேற்குப் பக்கத்தில் சமதளம் கிடைப்பது அரிது. தக்கலையிலிருந்து எந்தத் திசையில் திரும்பினாலும் ஓர் ஏற்றம் காத்திருக்கும். திருவட்டாறு, குலசேகரம், அருமனை என்று உள்ளே போகப் போக ஏறுவதும் இறங்குவதும்தான். புதிதாக வருபவர்களில் பலர் இரண்டு ஏற்றங்களில் மூச்சு வாங்கி, சைக்கிளை வீட்டுத் திண்ணையில் சாய்த்து வைத்துவிடுகிறார்கள்.

அவர்களுக்கு நான் சொல்வது ஒன்றுதான்: தண்ணீர் போகிற வழியில் போங்கள்.

பேச்சிப்பாறை, பெருஞ்சாணி அணைகளிலிருந்து வரும் தண்ணீரை மோட்டார் வைத்துத் தள்ளுவதில்லை. அது தானாகவே ஓட வேண்டும். அதனால் சானல் என்று நாங்கள் சொல்லும் நம் ஊர்ப் பாசனக் கால்வாய்களை மிக மெல்லிய சரிவில் வெட்டியிருக்கிறார்கள். பொத்தை (சிறு குன்று) குறுக்கே வந்தால் சானல் அதைச் சுற்றி வளையும். பள்ளம் வந்தால் அதன் ஓரமாகவே போய் மறுபக்கம் ஏறாமல் கடக்கும். சுற்றிக் கடக்க முடியாத ஆழமான பள்ளத்துக்குப் பாலம் கட்டினார்கள். மாத்தூர் தொட்டிப்பாலம் அப்படி வந்ததுதான். பறளியாற்றின் மேல் 115 அடி உயரத்தில், ஒரு குன்றிலிருந்து இன்னொரு குன்றுக்குப் பட்டணங்கால் என்ற சானலின் தண்ணீரைக் கொண்டுபோவதற்காக 1966-இல் கட்டியது. சுற்றுலா வருகிறவர்கள் மேலே நின்று படம் எடுப்பார்கள். சைக்கிள்காரர் பார்க்க வேண்டியது பாலத்தின் இரு முனைகளையும். இந்தக் குன்றிலும் அந்தக் குன்றிலும் சானல் ஏறக்குறைய ஒரே மட்டத்தில் நிற்கும். அந்த மட்டத்திலேயே அதன் கரையும் ஓடும். பொறியாளர்கள் தண்ணீருக்காகக் கணக்குப் போட்டுத் தந்த சமதளம் அது. புதிதாக ஓட்டும் கால்களுக்கு அதைவிட நல்ல இடம் இந்த மாவட்டத்தில் எனக்குத் தெரியவில்லை.

முதலில் சானல்கரை, அப்புறம் குளத்தங்கரை, அதற்கும் அப்புறம் ரப்பர் தோட்டம், கடைசியாகக் காட்டோரம். இதுதான் நான் சொல்லும் வரிசை. தலைகீழாகத் தொடங்கினால் விழுவீர்கள். நான் விழுந்தேன், அதைப் பிறகு சொல்கிறேன்.

எந்த சைக்கிள்?

கிராவல் என்ற சொல் நமக்குப் புதிதல்ல. வீட்டு மனை நிரப்ப லாரியில் கொண்டுவந்து கொட்டுகிறார்களே, அதே சொல்தான். தார் போடாத, சரளையும் மண்ணும் கலந்த பாதையில் நெடுந்தூரம் ஓட்டுவதற்கென்று வந்த சைக்கிள்களுக்குக் கிராவல் பைக் என்று பெயர். அமெரிக்காவின் கன்சாஸ் மாநிலத்தில் எம்போரியா என்ற ஊரில் 2006-இல் தொடங்கிய 200 மைல் பந்தயம் இந்த வகை ஓட்டத்தைப் பிரபலமாக்கியதில் பெரிய பங்கு வகித்தது. பார்ப்பதற்கு ரேஸ் சைக்கிள் போல ஹேண்டில்பார் கீழே வளைந்திருக்கும். ஆனால் டயர் 35 முதல் 50 மி.மீ. வரை அகலம் இருக்கும், டிஸ்க் பிரேக் இருக்கும், ஏற்றத்துக்கு இளகிய கியர் இருக்கும்.

இது இல்லாவிட்டால் என்ன செய்வது? ஒன்றும் குறைந்துவிடாது. 38 மி.மீ. டயர் போட்ட ஹைப்ரிட் சைக்கிள் சானல்கரைக்குத் தாராளமாகப் போதும். மலை சைக்கிள் வைத்திருந்தால் அதுவும் போதும், வேகம் கொஞ்சம் குறையும், அவ்வளவுதான். புல்லுக்கட்டையும் வாழைக்குலையையும் பின்னால் கட்டிக்கொண்டு நம் தாத்தாக்கள் கறுப்பு சைக்கிளில் இதே கரைகளில்தான் போய்வந்தார்கள். 28 மி.மீ. அல்லது அதைவிட மெல்லிய டயர் உள்ள ரேஸ் சைக்கிளை மட்டும் கொண்டுவராதீர்கள். சரளையில் அது நிற்காது.

வாங்கும்போது கியர் எத்தனை என்பதைவிட அளவு சரியா என்று பாருங்கள். சைக்கிளின் குறுக்குக் கம்பிக்கு மேல் கால்களை அகட்டி நின்றால் கம்பிக்கும் உடம்புக்கும் இடையே நான்கு விரல் இடைவெளி வேண்டும். சீட் உயரத்துக்கு ஓர் எளிய வழி உண்டு. பெடலைக் கீழே கொண்டுவந்து அதில் குதிகாலை வையுங்கள். முழங்கால் நேராக நிமிர்ந்தால் உயரம் சரி. பிறகு பாதத்தின் முன்பகுதியால் மிதிக்கும்போது முழங்கால் தானாகவே லேசாக மடங்கும். சீட்டைத் தாழ்த்தி வைத்து ஓட்டுகிறவர்களுக்கு ஒரு மாதத்தில் முழங்கால் வலி வந்துவிடும்.

காற்று, வால்வு, பஞ்சர்

இந்த இடத்தில் கொஞ்சம் நின்று பேச வேண்டும். புதியவர்கள் படும் பாட்டில் பாதி காற்றில்தான் இருக்கிறது.

என் முதல் சைக்கிளை வாங்கிய அன்று கடையில் டயருக்கு 80 பி.எஸ்.ஐ. (காற்றழுத்தத்தின் அளவு) அடித்துக் கொடுத்தார்கள். கல் போல இருந்தது. நானும் அதுதான் சரி என்று நம்பினேன். அந்தக் காற்றோடு சரளையில் போனால் டயர் ஒவ்வொரு கல்லிலும் துள்ளும், தரையைப் பிடிக்காது, மணிக்கட்டும் தோளும் மரத்துப் போகும். காற்றைக் குறைத்தால் டயர் கல்லைச் சுற்றி அமுங்கி உருளும். 65 கிலோ எடையுள்ள ஒருவர் 40 மி.மீ. டயரில் ட்யூப் போட்டு ஓட்டினால் 35 முதல் 40 பி.எஸ்.ஐ. வரை வைத்துத் தொடங்கலாம். முன் சக்கரத்தில் இரண்டு மூன்று குறைவாக இருக்கட்டும். எடை கூடினால் கொஞ்சம் கூட்டுங்கள். கட்டைவிரலால் அமுக்கிப் பார்ப்பது போதாது, அளவு காட்டும் பம்பு ஒன்று வாங்கிவிடுங்கள்.

ஒரேயடியாகக் குறைத்தாலும் ஆபத்து. கூரான கல்லில் ஏறும்போது ட்யூப் ரிம்முக்கும் கல்லுக்கும் நடுவே நசுங்கி, பாம்பு கடித்தது போல இரண்டு ஓட்டை விழும். அப்படி ஒருமுறை ஆனால் அடுத்த நாள் 3 பி.எஸ்.ஐ. கூட்டுங்கள். உங்கள் எடைக்கும் டயருக்கும் சரியான எண் இரண்டு வாரத்தில் பிடிபடும். அதை ஒரு தாளில் எழுதிப் பம்பிலேயே ஒட்டி வையுங்கள்.

வால்வு விஷயம் யாரும் முன்கூட்டியே சொல்வதில்லை. விலை கூடிய சைக்கிள்களில் பெரும்பாலும் பிரெஸ்டா என்ற மெல்லிய வால்வு வரும். நம் ஊர்ப் பஞ்சர் கடையிலும் பெட்ரோல் பங்கிலும் உள்ள குழாய் அதில் நிற்காது. சின்னப் பித்தளை அடாப்டர் ஒன்று உண்டு, சில பத்து ரூபாய்தான். ஒன்றைப் பையிலும் இன்னொன்றை வால்வின் மேலேயே திருகியும் வைத்துவிடுங்கள். குலசேகரத்துக்கு மேலே போய்விட்டால் இதுதான் உங்களை வீடு சேர்க்கும்.

பையில் இருக்க வேண்டியவை: மாற்று ட்யூப் இரண்டு, டயர் லீவர் இரண்டு, ஒட்டுப் போடும் பசையும் துண்டும், கைப்பம்பு, ஆலன் கீ கொத்து. வீட்டு முற்றத்தில் சக்கரத்தைக் கழற்றி ட்யூப் மாற்றி மாட்டுவதை மூன்று முறை செய்து பழகிவிட்டுத்தான் வெளியே போக வேண்டும். அதிலும் பின் சக்கரம். செயின் இருப்பதால் அதுதான் கையைக் குழப்பும். சானல்கரையில் முள்ளுக்குக் குறைவில்லை. வேலியில் வெட்டிப்போட்ட உடைமுள் கிடந்தால் அன்றைக்கு ஒரு பஞ்சர் நிச்சயம். பஞ்சர் ஆன ட்யூபை மாற்றும் முன் டயரின் உட்புறத்தை விரலால் மெதுவாகத் தடவிப் பாருங்கள். முள் அங்கேயே குத்திக்கொண்டு இருந்தால் புது ட்யூபும் பத்து நிமிடத்தில் போய்விடும்.

எப்போது போகலாம்?

நம் மாவட்டத்துக்கு இரண்டு மழைக்காலம். இங்கே சைக்கிள் ஓட்டும் நாட்காட்டியை மழையும் அணையும் சேர்ந்து எழுதுகின்றன. வழக்கமாக ஜூன் தொடக்கத்தில் கன்னிப்பூ என்னும் முதல் போக நெல் சாகுபடிக்காக அணை திறப்பார்கள், இரண்டாம் போகமான கும்பப்பூ முடிந்து பிப்ரவரி இறுதியை ஒட்டி மூடுவார்கள். மழையைப் பொறுத்து நாள் முன்னே பின்னே போகும்.

தொடங்குவதற்கு நல்ல மாதங்கள் ஜனவரியும் பிப்ரவரியும். மழை ஓய்ந்திருக்கும், கரை காய்ந்திருக்கும், சானலில் தண்ணீரும் ஓடிக்கொண்டிருக்கும், காலையில் லேசான குளிர். மார்ச்சிலிருந்து மே வரை சானல் வறண்டு கிடக்கும். கரை கெட்டியாக இருப்பதால் ஓட்டுவதற்குச் சுகம்தான், ஆனால் தூர் வாரும் வேலையும் கரை சீரமைப்பும் அப்போதுதான் நடக்கும். மண்ணை அள்ளிக் கரையில் போட்டிருப்பார்கள், ஜேசிபி குறுக்கே நிற்கும். காலை ஒன்பது மணிக்குள் முடித்துக்கொண்டால் வெயிலும் படாது, வேலைக்கும் இடைஞ்சல் இருக்காது.

ஜூன் முதல் செப்டம்பர் வரை மேற்கே மழை, கிழக்கே காற்று. ஆரல்வாய்மொழிக் கணவாய் வழியாக வரும் காற்றின் பலத்துக்கு முப்பந்தல் காற்றாலைகளே சாட்சி. அந்த மாதங்களில் தோவாளைச் சானல்கரையில் பக்கவாட்டுக் காற்று ஆளையே தள்ளும். ஒரு பக்கம் தண்ணீர் ஓடும் ஒற்றையடிக் கரையில் புதியவர்கள் அப்போது ஓட்ட வேண்டாம்.

அக்டோபரிலிருந்து டிசம்பர் நடுப்பகுதி வரை சானல்கரையை விட்டுவிடுங்கள். நான் கண்டிப்பாகச் சொல்வது இது ஒன்றுதான். 2021 நவம்பர் மழையில் எத்தனை இடங்களில் கரை உடைந்து வயலும் வாழையும் மூழ்கின என்பதைப் பார்த்தவர்களுக்குக் காரணம் சொல்ல வேண்டியதில்லை. கரை மேலே புல்லோடு பச்சையாக இருக்கும். உள்ளே தண்ணீர் ஊறி இளகிப் போயிருக்கும். ஒருமுறை பூதப்பாண்டிப் பக்கம் கரையோரத்தில் ஒட்டிப் போய்க்கொண்டிருந்தேன். மடையில் தண்ணீர் திருப்பிக்கொண்டிருந்த ஒரு பாட்டா மண்வெட்டியைத் தூக்கிக் காட்டி நிறுத்தினார்.

“மக்ளே, ஓரத்துல போவாத கேட்டியா. உள்ள பூரா நண்டு தொளச்சி வச்சிருக்கும். நடுவுல போ.”

இறங்கிப் பார்த்தேன். கரையின் உட்பக்கத்தில் கை நுழையும் அளவுக்கு நண்டு வளைகள். அன்றிலிருந்து நான் கரையின் நடுவில்தான் போகிறேன். எதிரே ஆள் வந்தால் இறங்கி நின்று வழி விடுகிறேன்.

முதல் நாள்

முந்தின இரவே கைபேசியில் வரைபடத்தின் செயற்கைக்கோள் படத்தைத் திறந்து சானலைப் பின்தொடர்ந்து பாருங்கள். தென்னந்தோப்புக்கு நடுவே வளைந்து போகும் கோடாகத் தெரியும். கரை எங்கே அகலம், எங்கே வீடுகள் நெருக்கி நிற்கின்றன, எங்கே பாலம் வந்து ரோட்டோடு சேருகிறது என்று குறித்துக்கொள்ளுங்கள். இரண்டு கிலோமீட்டருக்கு ஒரு வெளியேறும் வழியாவது தெரிந்திருக்க வேண்டும். பல இடங்களில் கரையில் தார் அல்லது கான்கிரீட் போட்டிருக்கிறார்கள். சில இடங்களில் கரையே தேய்ந்து ஒரு முழ அகலம்தான் மிச்சம். அந்தத் துண்டுகளில் இறங்கித் தள்ளிக்கொண்டு போங்கள்.

போக 4 கிலோமீட்டர், வர 4 கிலோமீட்டர் போதும். தார் ரோட்டில் மணிக்கு 20 கிலோமீட்டர் போகிறவர் சானல்கரையில் 10, 12-தான் போவார். அது சரியான வேகம்தான். ஒன்றரை லிட்டர் தண்ணீர், ஹெல்மெட், முழுவிரல் கையுறை, ஒரு மணி. மணி கட்டாயம்.

ஏன் மணி? சானல் இங்கே வீட்டின் ஒரு பகுதி. காலையிலும் மாலையிலும் படித்துறைகளில் பெண்கள் துணி துவைப்பார்கள், குளிப்பார்கள். வளைவு திரும்பியதும் திடீரென்று போய் நிற்பது மரியாதை இல்லை. ஐம்பது அடி முன்னாலேயே இரண்டு முறை மணி அடியுங்கள், பார்வையைப் பாதையில் வையுங்கள், நிற்காமல் கடந்து போங்கள். ஹெல்மெட்டில் கேமரா மாட்டிக்கொண்டு சானல்கரைக்கு வராதீர்கள். படம் எடுக்க வேண்டுமென்றால் ஆளில்லாத இடத்தில் சைக்கிளை நிறுத்திவிட்டு எடுங்கள். நாம் இந்தக் கரையில் விருந்தாளிகள். பத்துப் பேர் முறைகேடாக நடந்தால் பதினோராவது ஆளைக் கரையில் ஏற விடமாட்டார்கள், அதில் நியாயமும் உண்டு.

அடுத்தது கயிறு. மேய்வதற்குக் கட்டிய மாடு கரையின் ஒரு பக்கத்திலும் அதன் முளை மறுபக்கத்திலும் இருக்கும். நடுவே கயிறு முழங்கால் உயரத்தில் விறைத்து நிற்கும். பழுத்த புல் நிறத்தில் இருப்பதால் பத்தடி வரும்வரை தெரியாது. மாட்டைக் கண்டால் வேகத்தைக் குறைத்து, கயிறு எங்கே என்று தேடுங்கள். மடை வரும் இடங்களில் கரை சட்டென்று பள்ளமாகும், குழாய் புதைத்த இடத்தில் மண் உள்வாங்கியிருக்கும். தென்னை மட்டை விழுந்து கிடந்தால் ஏற்றிக் கடக்காதீர்கள், ஈர்க்கு சக்கரக் கம்பிக்குள் புகுந்து கியர் கொக்கியை முறித்துவிடும். இறங்கி ஓரமாக இழுத்துப் போட்டுவிட்டுப் போங்கள். அடுத்து வருகிறவருக்கும் உதவும்.

உடம்பை எப்படி வைப்பது? முழங்கை மடங்கியிருக்கட்டும், பிடி தளர்ந்திருக்கட்டும். சரளை வந்தால் பெடல்கள் இரண்டையும் ஒரே மட்டத்தில் நிறுத்தி, சீட்டிலிருந்து ஒரு விரற்கடை எழுந்துகொள்ளுங்கள். சைக்கிள் உங்களுக்குக் கீழே ஆடும், அதை ஆட விடுங்கள். கண் முன் சக்கரத்தில் இருக்கக் கூடாது, பத்து மீட்டர் தூரத்தில் இருக்க வேண்டும். நீங்கள் கல்லைப் பார்த்தால் சைக்கிள் கல்லுக்குத்தான் போகும். பிரேக்கை வளைவுக்கு முன்பே நேர்ப்பாதையில் பிடித்து முடித்துவிடுங்கள். திரும்பும்போது முன் பிரேக்கைத் தொடக் கூடாது.

தொடங்குவதற்கு மாத்தூர் பக்கத்துப் பட்டணங்கால் கரை நல்ல இடம். பாலத்தின் மேல் மட்டும் சைக்கிளைக் கொண்டுபோகாதீர்கள், நடைபாதை குறுகல், எப்போதும் கூட்டம். புத்தன் அணையிலிருந்து வரும் பத்மநாபபுரம் புத்தனாற்றுக் கரையிலும் நல்ல துண்டுகள் உண்டு. நாஞ்சில்நாட்டுப் பக்கம் இருப்பவர்களுக்கு அனந்தனாறும் தோவாளைச் சானலும் இருக்கின்றன. தோவாளைச் சானல் மலையடிவாரத்தை ஒட்டிப் போவதால் ஒரு பக்கம் மலை, மறுபக்கம் ஏலா (வயல்வெளி) முழுக்க நெல். ஜனவரிக் காலையில் அதைப் பார்த்தவர்கள் தார் ரோட்டுக்குத் திரும்ப விரும்பமாட்டார்கள்.

இரண்டாவது, மூன்றாவது வாரம்

வாரம் மூன்று நாள், ஒவ்வொரு முறையும் இரண்டு கிலோமீட்டர் கூட்டுங்கள். மூன்றாவது வாரத்தில் 15 கிலோமீட்டரைத் தாண்டியிருப்பீர்கள். அப்போது குளங்களுக்கு வாருங்கள். சுசீந்திரம் தேரூர் குளக்கரைகள் சமமானவை, அகலமானவை. 2022-இல் இந்த ஈரநிலங்களுக்கு ராம்சார் என்ற சர்வதேச ஈரநில ஒப்பந்தத்தின் அங்கீகாரம் கிடைத்தது, அதே ஆண்டில் வேம்பனூர் ஈரநிலத்துக்கும் கிடைத்தது. குளிர்காலத்தில் நாரையும் கூழைக்கடாவும் தாமரை இலைகளுக்கு நடுவே நிற்பதைப் பார்க்கலாம். பறவைகள் பக்கத்தில் இருந்தால் மணி அடிக்க வேண்டாம், இறங்கித் தள்ளிக்கொண்டு போங்கள். தேரூர் கவிமணி தேசிகவிநாயகம் பிள்ளை பிறந்த ஊர் என்பதும் நினைவில் இருக்கட்டும். 1876-இல் பிறந்தவர். அவர் சிறுவனாக நடந்த கரை இது என்று நினைத்துக்கொண்டு ஓட்டுவது எனக்குப் பிடிக்கும்.

சாப்பாட்டுக்கு வெளிநாட்டுச் சக்திப் பசை எதுவும் தேவையில்லை. சட்டைப் பையில் மட்டி வாழைப்பழம் நான்கு. 2023-இல் புவிசார் குறியீடு பெற்ற நம் பழம். சின்னதாக இருக்கும், ஒரே வாயில் தின்றுவிட்டு ஓட்டலாம், வயிற்றில் கனக்காது. நெடுந்தூரம் என்றால் அவித்த ஏத்தன் (நேந்திரன்) பழம். கோடையில் கரையோரம் அக்கானி கிடைத்தால் ஒரு குவளை குடியுங்கள். புளிக்காத பதநீராக இருக்க வேண்டும், அதனால் காலை எட்டு மணிக்குள்.

ரப்பர் தோட்டம்

ஒரு மாதம் கரைகளில் பழகிய பிறகு தோட்டங்களுக்குள் போகலாம். நிழல், மண்பாதை, ஏற்ற இறக்கம், எல்லாம் உண்டு. ஆனால் தோட்டம் ஒருவருக்குச் சொந்தமானது. தனியார் தோட்டமானால் வாசலில் கேட்டுவிட்டுத்தான் உள்ளே போக வேண்டும். அரசு ரப்பர் கழகத் தோட்டங்களானால் அங்கேயுள்ள அலுவலகத்தில் கேளுங்கள். ஊர்ப்பாதையாக எல்லோரும் போய்வரும் வழியில் போவதுதான் நல்லது.

விடியுமுன்பே பால்வெட்டு தொடங்கிவிடும். தலையில் விளக்கைக் கட்டிக்கொண்டு மரம் மரமாக வெட்டிப் போவார்கள். பிறகு பால் சிரட்டையில் வடிய வேண்டும், வாளியில் எடுக்க வேண்டும். அந்த நேரத்தில் நாம் குறுக்கே போனால் அவர்கள் நடைக்கு இடைஞ்சல். பத்து, பத்தரைக்கு மேல் போங்கள். அதற்குள் பால் எடுத்து முடித்திருப்பார்கள்.

நான் விழுந்த கதையை இப்போது சொல்கிறேன். டிசம்பர் கடைசியிலிருந்து பிப்ரவரி வரை ரப்பர் மரம் இலை உதிர்க்கும். பாதை முழுக்கச் செம்பழுப்பு விரிப்பு. அழகான காலம், கால் வைக்கும்போது சரசரவென்று சத்தம். ஒரு ஜனவரி மாதம், சானல்கரையில் நான்கு நாள் மட்டுமே ஓட்டியிருந்த நான் நேராகக் குலசேகரத்துக்கு மேலேயுள்ள ஒரு தோட்டத்துக்குப் போனேன். இறக்கத்தில் ஒரு வளைவு. இலைக்கு அடியில் முந்தின நாள் மழையின் ஈரம் இருந்தது. வளைவில் முன் பிரேக்கைப் பிடித்தேன். சக்கரம் அப்படியே வழுக்கிப் பக்கவாட்டில் போனது, வலது கையை ஊன்றி விழுந்தேன். மணிக்கட்டில் விரிசல். ஆறு வாரம் கட்டு. பால்வெட்டுத் தொழிலாளி ஒருவர் என்னைத் தூக்கி உட்கார வைத்து, தன் தோர்த்துத் துண்டால் கையைக் கழுத்தோடு கட்டி, ரோடு வரை சைக்கிளையும் தள்ளிக்கொண்டு வந்தார். உதிர்ந்த இலை மேல் ஈரம் இருக்கிறதா என்று காலால் புரட்டிப் பார்த்துவிட்டே இப்போது இறங்குகிறேன். வெட்டுக்கல் பாதையும் அப்படித்தான். காய்ந்தால் சிமெண்ட், நனைந்தால் சோப்பு.

இலைக்கு அடியில் இன்னொன்றும் இருக்கும். மூக்கு மேல் நோக்கித் தூக்கியிருக்கும் குட்டையான விரியன், மூக்கன் விரியன் என்பார்கள். நம் மலையடிவாரத் தோட்டங்களில் இருக்கும் பாம்பு அது, இலையின் நிறத்திலேயே இருக்கும். இந்தியாவில் கிடைக்கும் விஷமுறிவு மருந்து நாகம், கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் ஆகிய நான்குக்காகத் தயாரிப்பது. மூக்கன் விரியன் கடிக்கு அது வேலை செய்வதில்லை. அதனால் கடி வாங்காமல் இருப்பதுதான் மருந்து. சக்கரத்தடத்தை விட்டுக் காலை இலைக்குள் வைக்காதீர்கள். பஞ்சர் ஒட்ட உட்காரும் முன் தரையைக் குச்சியால் தட்டுங்கள். கணுக்காலை மூடும் ஷூ போடுங்கள். கடித்துவிட்டால் கீறவோ இறுக்கிக் கட்டவோ வேண்டாம். அசையாமல் இருந்து 108-ஐ அழையுங்கள். ஆசாரிப்பள்ளத்தில் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை இருக்கிறது.

மழைக்காலத்தில் அட்டை. உப்பை ஒரு துணியில் முடிந்து வைத்திருந்தால் போதும்.

காட்டோரம்

கன்னியாகுமரி வனவிலங்கு சரணாலயம் 2008-இல் அறிவிக்கப்பட்டது. சுமார் 402 சதுர கிலோமீட்டர். யானை, புலி, காட்டெருமை உள்ள காடு. அதற்குள் அனுமதி இல்லாமல் சைக்கிளில் போவது சட்டப்படி குற்றம். யாரோ போன தடத்தை இணையத்திலிருந்து இறக்கிக்கொண்டு நுழையாதீர்கள். நாகர்கோவிலில் உள்ள மாவட்ட வன அலுவலகத்தில் கேட்டு, சோதனைச்சாவடியில் சொல்வதை அப்படியே கேளுங்கள். வேண்டாம் என்றால் வேண்டாம்தான். கீரிப்பாறை, காளிகேசம் பக்கம் போகிறவர்களும் அப்படித்தான்.

காட்டுக்குள் போகாமலே காட்டின் குளிர்ச்சியை அனுபவிக்க ஒரு வழி உண்டு. குலசேகரத்திலிருந்து பேச்சிப்பாறை போகும் ரோட்டில் போங்கள். தார் ரோடுதான், ஆனால் இரண்டு பக்கமும் தோட்டம், ஏற்றமும் நல்ல பயிற்சி. 1897-இல் தொடங்கி 1906-இல் முடிந்த அணை அது. கட்டிய பொறியாளர் மிஞ்சினை ஊரார் மூக்கன் துரை என்பார்கள், அவர் கல்லறை அங்கேயே இருக்கிறது. ஒரு மாதம் அந்தத் தண்ணீரின் கரையில் ஓட்டிய பிறகு அது புறப்படும் இடத்துக்கு வந்து நிற்பது தனி நிறைவு. மாலை நான்கு மணிக்குள் கீழே இறங்கிவிடுங்கள். அந்திக்குமேல் அந்தப் பக்கத்து ரோடுகள் யானைக்குரியவை.

இன்னும் தூரம் வேண்டும் என்பவர்களுக்கு

கடற்கரையோரம் அனந்த விக்டோரியா மார்த்தாண்டன் கால்வாய் இருக்கிறது. மக்கள் ஏவிஎம் கால்வாய் என்பார்கள். 1860-இல் திருவிதாங்கூர் மன்னர் உத்திரம் திருநாள் காலத்தில் தொடங்கியது. பாசனத்துக்கல்ல, திருவனந்தபுரத்திலிருந்து கன்னியாகுமரி வரை வள்ளம் விடுவதற்காக. மண்டைக்காடு வரைதான் வந்தது. இன்று பெரும்பகுதி தூர்ந்தும் ஆக்கிரமிப்பிலும் கிடக்கிறது.

இப்படிக் கைவிட்ட படகுக் கால்வாய் ஒன்று அமெரிக்காவில் என்ன ஆயிற்று என்று பாருங்கள். சேசப்பீக் ஒஹையோ கால்வாய், 184.5 மைல் நீளம். கரையில் கோவேறு கழுதைகள் நடந்து படகை இழுத்த பாதையை மூடி மோட்டார் சாலை போடத் திட்டமிட்டார்கள். 1954-இல் வில்லியம் டக்ளஸ் என்ற உச்ச நீதிமன்ற நீதிபதி பத்திரிகைக்காரர்களைக் கூட்டிக்கொண்டு அந்தக் கரை முழுவதும் நடந்தார். சாலைத் திட்டம் நின்றது. 1971-இல் அது தேசிய வரலாற்றுப் பூங்கா ஆனது. இன்று கழுதைகள் நடந்த பாதையில் சைக்கிள்கள் போகின்றன. ஏவிஎம் கரையில் ஓட்டும்போதெல்லாம் எனக்கு அந்த நடை நினைவுக்கு வரும். கொல்லங்கோட்டிலிருந்து தேங்காய்ப்பட்டணம் பக்கம், கரை மிஞ்சியிருக்கும் துண்டுகளைத் தேடி, நடுவில் ஊர்ச்சாலைகளில் புகுந்து போகலாம். மணல் வரும் இடங்களில் காற்றை 5 பி.எஸ்.ஐ. குறையுங்கள். தார் ரோட்டுக்குத் திரும்பியதும் மறக்காமல் அடித்துக்கொள்ளுங்கள்.

வீடு வந்தபின்

செம்மண் செயினில் ஒட்டினால் அரம் போல அராவும். பழைய துணியால் செயினைப் பிடித்துப் பெடலைப் பின்னோக்கிச் சுற்றித் துடையுங்கள், காய்ந்ததும் ஒவ்வொரு கண்ணியிலும் ஒரு சொட்டு செயின் எண்ணெய், பிறகு மேலே வழிவதைத் துடைத்துவிடுங்கள். டிஸ்க்கில் ஒரு சொட்டும் படக் கூடாது, பட்டால் பிரேக் பிடிக்காது. சர்வீஸ் கடைக் குழாயின் வேகத் தண்ணீரை அச்சுகளில் அடிக்க வேண்டாம், பேரிங்குக்குள் மண் புகுந்துவிடும். ஏவிஎம் பக்கம் போய்வந்த நாளென்றால் உப்புக்காற்று பட்டிருக்கும், அன்றே நல்ல தண்ணீரில் கழுவுங்கள். படித்துறையில் வைத்துக் கழுவாமல் வீட்டில் ஒரு வாளித் தண்ணீரில் கழுவுங்கள், அந்தச் சானலில் கீழே ஒருவர் குளித்துக்கொண்டிருப்பார்.